ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

திருப்பதியில் பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு, அரசு சார்ந்த பள்ளிகளுக்குள்ளேயே தேர்வு செய்ய இடம் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளி, தேவஸ்தானம் நடத்தும் உயர்நிலைப் பள்ளி, ஊர் எல்லையைத் தாண்டினால் ஜில்லா பரிஷத் பள்ளி. எது நல்லது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு பதில்கள் வரும்: ஒன்று கட்டடம், மற்றது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி.

கட்டடத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். 2019இல் ஆந்திர அரசு தொடங்கிய 'நாடு-நேடு' திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்குக் கழிப்பறை, குடிநீர், மேசை நாற்காலி எல்லாம் வந்தன. பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளியில் நீடிப்பாளா என்பதைத் தண்ணீர் வரும் கழிப்பறையே சில நேரம் தீர்மானிக்கிறது. ஆனால் எல்லாப் பள்ளிக்கும் வண்ணம் அடித்த பிறகு, வண்ணத்தை வைத்து எதை ஒப்பிடுவது?

தேர்ச்சி விகிதமும் பாதிக் கதைதான். ஆந்திரத்தில் உயர்நிலைப் பள்ளி ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. இந்த ஆண்டு பத்தாவது எழுதியவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்கள். அன்று பாடம் நடத்தியவர் இன்று வேறு ஊருக்கு மாற்றலாகியிருக்கலாம்.

நம்பகமான அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. அறிவியலும் கணக்கும், சமூகவியல், மொழி என்று பிரிவுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமை ஆசிரியர் கட்டாயம். ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரப் பாடம். ஐந்தாவது வரை ஒரே டீச்சர் எல்லாப் பாடத்தையும் சமாளித்துவிடலாம். பின்னமும் இயற்கணிதமும் வரும்போது அது நடக்காது. எனவே தலைமை ஆசிரியரிடம் கால அட்டவணையைக் கேளுங்கள். கணக்குப் பீரியடுக்கு நேராக யார் பெயர் இருக்கிறது?

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் திருப்பதி லூதரன் மிஷன் பள்ளியில் படித்தபோது இரண்டு ஊர்களும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போனது. நகரியும் குப்பமும் அங்கேயே நின்றன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி பேசும் அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு ஆரம்பக் கல்வியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 'இயன்றவரை தாய்மொழி' என்ற வாசகம்தான். ஆகவே பள்ளியில் தமிழ்ப் பிரிவு உண்டா என்று கேட்டால் போதாது. அறிவியலைத் தமிழில் நடத்த ஆள் உண்டா, எட்டாவது வரை தொடருமா என்றும் கேட்க வேண்டும்.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேறு பள்ளி தேடலாம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளுக்கு இடையே மாறுவதை அதே சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்று சொல்லி யாரும் சேர்க்க மறுக்க முடியாது. மாற வசதியில்லாதவர்களுக்குப் பள்ளி நிர்வாகக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். காலியாகக் கிடக்கும் கணக்கு ஆசிரியர் பணியிடத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்பவர், தன் பிள்ளைக்காக மட்டும் கேட்பதில்லை.