சட்டம் எழுதும் மேசையில் ஓர் ஆசனம்

மலைநாட்டுத் தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் வேலைநிறுத்தங்களையும் துப்பாக்கிப் பிரயோகங்களையும் எழுதுகின்றனர். எழுதத்தான் வேண்டும். ஆயினும், கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து புறப்பட்ட ஒரு பாரிஸ்டரே இந்நாட்டின் முதலாவது தொழில், கைத்தொழில், வாணிப மந்திரியாக வீற்றிருந்தார் என்பதை இன்று எத்தனை பேர் நினைவிற் கொண்டுள்ளனர்? பெரி. சுந்தரம் என்ற பெயரை எம் பிள்ளைகள் கேட்டும் அறியார்.

1890ஆம் ஆண்டு மடுல்கலைப் பகுதியில் ஒரு பெரிய கங்காணியின் மைந்தராகப் பிறந்தவர் அன்னார். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்று நியாயவாதியானார். கங்காணி வீட்டுப் பிள்ளை என்பதை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. தொழிலாளியைக் கடனாலே கட்டி, ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்கு ஆளையும் கடனையும் சேர்த்தே கைமாற்றிய 'துண்டு' முறையில் ஆதாயம் கண்டவர்கள் கங்காணிமாரே. அந்த வர்க்கத்திலே தோன்றியவர்தாம், 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தலைமையில் எழுந்த தொழிலாளர் சேமநல லீக்கின் காரியதரிசியாகி, தலைவரின் பக்கத்திலிருந்து சட்ட யோசனை கூறினார். துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிந்தது.

பத்தாண்டுகள் கழிந்து டொனமூர் அரசியற்றிட்டம் வந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் முதற் தேர்தல் நடந்தபோது, பூரண சுயராச்சியம் கிட்டவில்லையென்று யாழ்ப்பாணம் தேர்தலைப் பகிஷ்கரித்தது. நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. அந்த வேளையில் மந்திரிசபையில் அமர்ந்த ஒரேயொரு தமிழர், அட்டன் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்ற சுந்தரமே! வடக்கின் படித்த வர்க்கம் வெளியே நிற்க, தோட்டத்துத் தமிழன் உள்ளே இருந்தான். இந்த விநோதத்தைப் பற்றி எம் அரசியல்வாதிகள் அதிகம் பேசுவதில்லை. பேசாததன் காரணமும் நமக்கு விளங்காமலில்லை.

அவர் மந்திரியாயிருந்த காலத்திலேயே 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1935இல் தொழிற்சங்கச் சட்டமும் நிறைவேறின. வேலைத்தலத்தில் கையோ காலோ இழந்தவன் துரையின் தயவை எதிர்பார்த்து நில்லாமல் நட்டஈட்டை உரிமையாகக் கோரலாம் என்பதும், சங்கம் பதிவு செய்யப்பெற்றுச் சட்டத்தின் முன் நிற்கலாம் என்பதும் இவற்றால் வந்தவை. வாணிபத் துறையிலோ, 1934இன் வங்கி விசாரணைக் கமிஷனைக் குறிப்பிடாமலிருக்க முடியாது. அக்காலத்து வெள்ளையர் வங்கிகள் தோட்டக் கம்பெனிகளுக்கும் ஏற்றுமதி வர்த்தகருக்கும் கைகொடுத்தன. சுதேச வியாபாரியும் கமக்காரனும் வட்டிக்கடையின் வாசலிலே நின்றனர். சேர் சோராப்ஜி பொச்சகானவாலா தலைமை தாங்கிய அக்கமிஷனின் வழிவந்ததே 1939இல் திறக்கப்பெற்ற இலங்கை வங்கி. நெல்லுக்கும் மிளகாய்க்கும் இன்று அவ்வங்கியிற் கடன் எடுக்கும் கமக்காரர் அதன் பூர்வீகத்தை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

புகழ்மாலை சூட்டுவது மட்டும் எமது நோக்கமன்று. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அவ்வாண்டுகளிலே தோட்டக் கூலி குறைக்கப்பட்டது. தொழில் மந்திரி அதனைத் தடுத்து நிறுத்தவில்லை. லயத்து வாசலிலே நின்று தொழிலாளியின் பாஷையிற் பேசிய நடேசய்யர் 1936இல் அட்டன் ஆசனத்தைக் கைப்பற்றியதில் வியப்பில்லை. சுந்தரம் சபைக்கு ஏற்றவர், சந்திக்கு ஏற்றவரல்லர். பின்னாளில் இலங்கை இந்தியர் காங்கிரசின் தலைமையை ஏற்றபோதும் அவருடைய சுபாவம் மாறவில்லை.

ஆனால் 1936இல் அமைந்த மந்திரிசபையில் தமிழர் ஒருவருமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சென்று 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, பாராளுமன்றத்தில் காங்கிரஸ் உறுப்பினர் எழுவர் இருந்தும் எதிர்த்து வாக்களிக்கவே முடிந்தது. வாசகத்தைத் திருத்த முடியவில்லை. பிறகு நீதிமன்றம் ஏறினோம். கேகாலைப் பக்கத்துக் கோடகன்பிள்ளையின் வாக்குரிமை வழக்கில் எம் நியாயவாதிகள் திறமையாகவே வாதாடினர். 1951இல் உயர்நீதிமன்றமும் 1953இல் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தன. எழுதி முடித்த சட்டத்தின் முன்னே எத்தனை பெரிய அப்புக்காத்தும் என்ன செய்வார்? இழந்ததை மீட்க 1964, 1988, 2003 என்று ஆண்டுகள் உருண்டன. இதற்கிடையில் இலட்சக்கணக்கானோர் கப்பலேறிவிட்டனர்.

சுந்தரம் 1957இல் மறைந்தார். இன்று கண்டியிலும் அட்டனிலும் எம்மவர் நியாயவாதிகளாக உள்ளனர். பெரும்பாலார் லயத்துப் பிள்ளைகள் என்பதிற் பெருமையே. அவர்கள் நாடுவது பெரும்பாலும் வழக்கையும் உறுதி முடிப்பையுந்தான். 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் நிருவாகத்துக்குச் சென்றபின், தொழிலாளியின் விதி கம்பெனி மேசைகளிலும் அமைச்சுக் கந்தோர்களிலும் வரையப்படுகிறது. அங்கே ஆலோசகராக எம்மவர் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? லயத்துக்குப் பதிலாக நிலமும் வீடும் என்று பேசப்படுகிறது. அந்நிலத்துக்கான உறுதி எத்தகையது? விற்கவோ ஈடுவைக்கவோ முடியுமா? பிள்ளைக்கு எழுதிவைக்கலாமா? பாதையும் தண்ணீரும் கம்பெனியின் பொறுப்பா, பிரதேச சபையின் பொறுப்பா? கண்டி நகரிலே பெயர்ப்பலகை தூக்கியிருக்கும் எம் நியாயவாதிகள், தொழிலாளி கைந்நாட்டு வைக்குமுன் அவ்வுறுதியின் வாசகத்தை வாங்கி வரிக்கு வரி வாசித்துப் பார்ப்பார்களா?