ஹவுளின் தரையும் கிணற்றின் தரையும்

நம் பழைய பள்ளிவாசல்களில் ஹவுளின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். தண்ணீருக்குள் கையை இறக்கினால், தரை கண் சொன்ன இடத்தில் இருப்பதில்லை. இன்னும் கீழே இருக்கிறது. முழங்கால் அளவு நீரில் அது வேடிக்கை. மதுரையைச் சுற்றியுள்ள வயற்காட்டுக் கிணறுகளிலும், மேலூர்ப் பக்கம் கிரானைட் வெட்டிக் கைவிடப்பட்ட குழிகளிலும் அதுவே உயிர்ப் பிரச்சினை.

நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி, வெளிப்படும் இடத்தில் திசை மாறுகிறது. கண்ணோ அது நேர்க்கோட்டில் வந்ததாகவே கொள்கிறது. ஆகவே தரை மேலெழும்பி நிற்பதுபோல் தோன்றுகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் உண்மை ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கே தெரியும். ஆறடி நீர் நாலரை அடியாகக் காட்டும். ஐந்தடி உயரமுள்ள சிறுவன், தலை வெளியே நிற்கும் என நம்பி இறங்குவான். தலைக்கு மேல் ஓரடி நீர் நிற்கும். கரையிலிருந்து சாய்வாக நோக்கினால் ஆழம் இன்னும் குறைந்தே தெரியும். பிள்ளைகள் நோக்குவதும் அப்படித்தானே! இந்த ஏமாற்றைச் செய்வது தெளிந்த நீர். கலங்கிய கண்மாயில் தரையே தெரியாது. மண் அள்ளிய பள்ளங்கள் அங்கே வேறு வகை ஆபத்து.

பக்தாதில் இப்னு ஸஹ்ல் 984ஆம் ஆண்டளவில் ஒளிவிலகலின் விதியை வடிவியலால் விளக்கினார். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், ஏழு பகுதிகள் கொண்ட தம் 'கிதாபுல் மனாளிர்' நூலின் இறுதிப் பகுதியை ஒளிவிலகலுக்கே ஒதுக்கினார். 2015ஆம் ஆண்டை உலகம் ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது அவரும் நினைவுகூரப்பட்டார். அப்பெயர்களை நாம் மேடைகளில் பெருமையுடன் முழங்குகிறோம். ஆனால் அவர்கள் கண்டறிந்ததை நம் மக்தபுப் பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் சொல்லியிருக்கிறோமா? வெறும் பெருமை எந்தப் பிள்ளையையும் கரை சேர்க்காது.

கோடை விடுமுறைக்கு முந்தைய ஜும்ஆ பயானில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நாணயமும் இருந்தால் உஸ்தாதுகள் மக்தபிலேயே இதைக் காட்டிவிடலாம். நீச்சல் கற்பிக்க ஜமாஅத்துகள் ஏற்பாடு செய்வது அதனினும் நன்று. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குவதும் இயலாத காரியமன்று. அதுவரை, கிணறு உள்ள தோப்புகளுக்குக் குடும்பத்துடன் செல்வோர், கல் கட்டிய கயிறு ஒன்றை இறக்கி ஆழத்தை அளந்த பின்னரே பிள்ளைகளைப் படியில் இறங்க விடட்டும்.