டிரெய்லர் ஆணியை யார் கவனிப்பது?

மாட்டு வண்டி ஓடிய காலத்தில் திண்டுக்கல் வட்டாரத்துக் குடியானவர் சந்தைக்குப் புறப்படுமுன் இரண்டு காரியங்களைச் செய்யாமல் மாட்டைப் பூட்டமாட்டார். அச்சுக்கு மை போடுவார். கடையாணி சரியாக நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த அந்த மை, மூங்கில் குழாயில் வண்டியோடு கூடவே போகும். இன்று அதே வெங்காயமும் மக்காச்சோளமும் டிராக்டர் டிரெய்லரில் போகின்றன. பாரம் பல மடங்கு கூடிவிட்டது, வேகமும் கூடிவிட்டது. மைக்குழாய் இருந்த இடத்துக்குக் கிரீஸ் கன் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

டிராக்டரை யாரும் அவ்வளவாக அலட்சியம் செய்வதில்லை. கம்பெனி கொடுத்த புத்தகம் இருக்கிறது. இத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. டிரெய்லருக்கு அப்படி எதுவும் கிடையாது. பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் அடித்த வண்டி. வேலை இல்லாத நாளில் களத்து மேட்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். வேலை வந்த நாளில் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டையும் சேர்க்கும் அந்த ஒற்றை ஆணியை, பட்டறைக்காரர் 'பின்' என்று சொல்லும் அந்தச் சாமானை, முறியும் நாள் வரைக்கும் ஒருவரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

ஆணி ஒரே நாளில் முறிந்துவிடுவதில்லை. டிராக்டர் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் பாரம் முழுவதும் அந்த ஆணியின் மேல்தான் விழுகிறது. ஆணிக்கும் வளையத்துக்கும் நடுவே சந்து அதிகமாக இருந்தால், அந்த விசை சம்மட்டி அடி போலவே இறங்கும். அடிபட அடிபட வளையத்தின் துளை முட்டை வடிவமாகிவிடும். ஆணியின் இடுப்பு தேய்ந்து பள்ளம் விழும். சந்து இன்னும் பெரிதாகும், அடியும் இன்னும் பலமாகும். இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பகுதி கொக்கியின் மேலேயே உட்காருவதால் தேய்மானம் இன்னும் விரைவு. கோடையில் குளத்து வண்டல் அடிக்கும் வண்டிகளில் இதைக் கண்ணால் காணலாம். மேடும் பள்ளமுமான குளத்துக்குள்ளிருந்து நிறை பாரத்தோடு கரையேறும்போது ஒவ்வொரு குலுக்கலையும் தாங்குவது அந்த ஆணிதான்.

கிரீஸ் வைக்கிறோமே என்பவர்களும் உண்டு. வைக்கும் முறையில்தான் கோளாறு. பழைய கிரீஸின் மேலேயே புதிதை அப்பிவிடுகிறார்கள். இந்தச் சமவெளியின் செம்மண் தூசி அதில் ஒட்டிக்கொண்டால் அது கிரீஸாக இராது, சாணைப் பொடியாக மாறி இரும்பைத் தின்னும். ஆணியைக் கழற்றி, டீசலில் நனைத்த துணியால் ஆணி, வளையம், கொக்கி மூன்றையும் துடைத்து, அதன் பிறகு மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். துடைத்த ஆணியின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் பள்ளம் இருப்பது உடனே தெரியும். பள்ளம் விழுந்த ஆணிக்குக் கிரீஸ் மருந்தல்ல, மாற்றத்தான் வேண்டும். விரிசல் கண்ட வளையத்தின் மேல் வெல்டிங் பற்று வைப்பதும் விரிசலை மூடி மறைக்கும் வேலைதான். அதை அறுத்தெடுத்துவிட்டுப் புது வளையம் வைப்பதே சரி.

நான்கு சக்கர டிரெய்லரில் இன்னோர் இடம் இருக்கிறது. முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுத்த நிலையில் இருக்கும் இரும்பு வட்டம், அதாவது டர்ன்டேபிள். மேல்நாட்டில் நான்கு சக்கரக் குதிரை வண்டியின் முன் அச்சின் மேல் இப்படி ஒரு வட்டம் வைத்தார்கள். நான்கு சக்கரத்தோடு இதையும் சேர்த்து எண்ணி அதற்கு 'ஐந்தாவது சக்கரம்' என்று பெயர் வைத்தார்கள். திண்டுக்கல் வழியே போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நீண்ட டிரெய்லர் லாரிகளை இழுக்கும் முன்வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய தட்டு ஒன்று தெரியுமே, அதற்கும் இன்று வரை அந்தப் பெயர்தான். சம்சாரியின் டிரெய்லரில் இருப்பது அதற்குத் தம்பி. இந்த வட்டம் வறண்டு இறுகினால் டிராக்டர் திரும்பும்போது டிரெய்லர் முரண்டு பிடிக்கும். முன் டயர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும். இழுவைத் தண்டு வளையும். பலர் டயரைக் குறை சொல்லிவிட்டுப் புது டயர் வாங்குகிறார்கள்.

இதற்குக் கிரீஸ் வைக்க ஒரு முறை உண்டு. பாரம் இருக்கும்போது நிப்பிளில் எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் ஓரத்தில் வழியுமே தவிர தட்டுகளுக்கு நடுவே போகாது. வெற்று வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியால் டிரெய்லரின் முன்புறத்தைச் சற்றே தூக்கிக் கட்டைமேல் நிறுத்த வேண்டும். தட்டுகள் விலகியதும் நிப்பிள் வாயைத் துடைத்துவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வரும் வரை அடிக்க வேண்டும். இழுவைத் தண்டை இடமும் வலமும் திருப்பினால் கிரீஸ் சுற்றிலும் பரவும். கழிவு ஆயிலை ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் அதிகம். அது வழிந்தோடிவிடும், தூசியையும் சேர்க்கும். ஒரு கிலோ கிரீஸ் வாங்கினால் பல மாதங்களுக்கு வரும்.

ஆணி தொலைந்த அன்று கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் செருகிக்கொண்டு போகும் பழக்கம் எல்லாவற்றிலும் மோசமானது. அந்தக் கம்பி துளைக்குப் பொருந்தாது. கீழே கிளிப் போடவும் அதில் வழியில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெங்காயப் பட்டறைக்கும் மோட்டார் ரூமுக்கும் தேடிப் பிடித்து நல்ல பூட்டு வாங்கிப் போடும் சம்சாரி, டன் கணக்கான பாரத்தை இரண்டு விரல் நீளக் கிளிப் கூட இல்லாத கம்பியை நம்பி நெடுஞ்சாலையில் அனுப்புகிறார். ஆணி போனாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாமல் தடுக்க இரண்டு சங்கிலிகளை இழுவைத் தண்டுக்கு அடியில் குறுக்காக மாட்டலாம். தண்டு சாலையில் குத்தாமல் சங்கிலியின் மேல் தங்கும். அப்படி மாட்டிய வண்டியைக் காண்பது அரிதாக இருக்கிறது.

டிராக்டர் பின்னால் வரும்போது ஆணியைக் கையில் பிடித்தபடி இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. கிளட்சிலிருந்து ஓட்டுநரின் கால் வழுக்கினால் அவர் விலகுவதற்கு இடமில்லை. வண்டி முழுவதும் நின்று, கியர் நியூட்ரலுக்கு வந்த பிறகே ஆள் உள்ளே போக வேண்டும்.

களையெடுக்கப் போகும் பெண்களையும் கோயிலுக்குப் போகும் குடும்பங்களையும் இதே டிரெய்லரில்தான் ஏற்றுகிறார்கள். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கொக்கி கழன்றதால் நேர்ந்தது என்று அதைச் சொல்வதற்கில்லை. ஆனால் சரக்குக்கென்று செய்த வண்டியில் ஆட்களை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த ஆணி யாருடைய பொறுப்பு என்பதுதான் முக்கியமான கேள்வி. மாட்டு வண்டி சொந்த வண்டி. மாடும் சொந்த மாடு. இரண்டு ஏக்கர் சம்சாரிக்கு டிரெய்லர் வாடகை வண்டி. சொந்தக்காரருக்குத் தவணை கட்டும் கவலை. ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. கிரீஸ் வைக்கும் நேரத்தில் அரை நடை போய்விடும். வாடகைக்கு எடுத்தவரோ, அடுத்தவர் வண்டியை நாம் ஏன் குனிந்து பார்க்க வேண்டும் என்று இருந்துவிடுகிறார். மூவர் மேலும் முழுக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆணி முறிந்தால் சாலையில் சிதறுவது வாடகைக்கு எடுத்தவரின் வெங்காயம். மூட்டை மேல் உட்கார்ந்து வருவதும் பெரும்பாலும் அவர் வீட்டுப் பிள்ளைதான். அதனால் குனிந்து பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு.

டிராக்டரை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்களும் வேளாண்மைப் பொறியியல் துறையும் இதில் வழிகாட்டலாம். விதைக்கும் கருவி, களையெடுக்கும் கருவி என்று செயல்விளக்கம் நடக்கும் நாளில், ஒரு மணி நேரம் டிரெய்லரை ஜாக்கியில் தூக்கிக் காட்டினால் ஓட்டுநர்கள் ஆர்வமாகவே பார்ப்பார்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மூட்டை ஏற்றுமுன் ஆணியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். கிளிப் இல்லாவிட்டால் வாங்கிப் போட்டுவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். பல நடை அடிக்கும் வேலையானால், வாரத்தில் ஒரு நாள் ஓட்டுநர் கிரீஸ் வைக்கும் நேரத்துக்கும் சேர்த்தே கூலி பேசிவிடலாம்.