ஹோம்ல இருந்து ப்ரோ: ஆக்டிவேஷன் போச்சுன்னா முதல்ல பர்ஸை மூடுங்க

லேப்டாப் ஸ்கிரீனோட வலது கீழ் மூலைல "ஆக்டிவேட் விண்டோஸ்"னு மங்கலா ஒரு வரி வந்து உட்காருது. நேத்து வரைக்கும் அது இல்ல. நேத்து ராத்திரிதான் ஹோம் எடிஷனை ப்ரோவா மாத்தினீங்க. இந்த இடத்துல நம்ம ஆளுங்க நிறைய பேர் அடுத்து செய்யுற வேலை, "ப்ரோ கீ 499 ரூபாய்"னு நெட்ல தேடி காசு கட்டுறது. என் கருத்தை நேரடியாவே சொல்லிடுறேன்: இந்தப் பிரச்சனையைச் சரி பண்ண பெரும்பாலும் ஒரு ரூபாய்கூட செலவு பண்ண வேண்டியதில்ல. தெரியாத ஆள்கிட்ட காசு கட்டினா, போறது அந்த 499 மட்டுமா இருக்காது.

பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல விண்டோஸுக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். உங்க நெட் பேங்கிங், டீமேட், பிஎஃப் லாகின் எல்லாம் அந்த லேப்டாப்லதானே இருக்கு?

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. விண்டோஸ் 8 வந்த 2012-ல இருந்து, கடைல விண்டோஸோட வாங்குற லேப்டாப்புக்கு கீ மதர்போர்டுலயே பதிஞ்சு வருது. ஹோம் வெர்ஷன் லேப்டாப்னா உள்ள இருக்குறது ஹோம் கீ. எடிஷனை மாத்துறது வேற, லைசென்ஸ் கிடைக்குறது வேற. மைக்ரோசாஃப்டே வெளிப்படையா குடுத்திருக்குற பொதுவான ப்ரோ கீ ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா எடிஷன் ப்ரோவா மாறும், ஆனா ஆக்டிவேட் ஆகாது. அது அதுக்கான கீயே இல்ல. இதைத்தான் பல வீடியோல "ஃப்ரீ ப்ரோ கீ"னு காட்டுறாங்க. வீடு மாத்தியாச்சு, ஆனா புது வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடல. பழைய வீட்டுச் சாவி இன்னும் உங்க பாக்கெட்லதான் இருக்கு. அதாவது உங்க ஹோம் லைசென்ஸ் எங்கயும் போகல.

அதனால செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போங்க. அங்க "ட்ரபிள்ஷூட்" இருக்கும், அழுத்துங்க. அதுக்கு முன்னாடி நெட் இருக்கா, தேதி நேரம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க. தேதி தப்பா இருந்தாலும் ஆக்டிவேஷன் தகராறு பண்ணும். ப்ரோ லைசென்ஸ் இல்லாம ப்ரோவுக்குப் போயிருந்தா, பழைய எடிஷனுக்கே திரும்ப இந்த ட்ரபிள்ஷூட்டர் உதவும். ஸ்டோர்ல காசு குடுத்து வாங்கினவங்க, வாங்குன அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி ஓட்டுங்க. மதர்போர்டு மாத்தின பிறகு போச்சுன்னா, "சமீபத்துல ஹார்டுவேர் மாத்தினேன்"ங்குற ஆப்ஷன் அங்கயே வரும். அது வேலை செய்யணும்னா முன்னாடியே லைசென்ஸை அக்கவுண்ட்டோட இணைச்சிருக்கணும்.

எதுவுமே கேட்கலன்னா ஹோமைப் புதுசா இன்ஸ்டால் பண்ணலாம். மதர்போர்டுல இருக்குற கீயை அதுவே எடுத்துக்கும். ஃபைல்களை பேக்கப் எடுத்துட்டுப் பண்ணுங்க. ப்ரோல பிட்லாக்கர் ஆன் பண்ணியிருந்தா ரெகவரி கீயைத் தனியா எழுதி வைங்க. அது இல்லாம டிஸ்க் பூட்டிக்கிச்சுன்னா டேட்டாவை மறந்துட வேண்டியதுதான்.

சில நேரம் தப்பு உங்க பக்கமே இருக்காது. 2018 நவம்பர் 8 அன்னைக்கு, ஒழுங்கா காசு குடுத்து வாங்குன விண்டோஸ் 10 ப்ரோ கம்ப்யூட்டர்கள்ல பல, "உங்ககிட்ட ஹோம் லைசென்ஸ்தான் இருக்கு"னு திடீர்னு சொல்ல ஆரம்பிச்சுது. மைக்ரோசாஃப்ட் ஆக்டிவேஷன் சர்வர்லதான் கோளாறு. சீக்கிரமே சரி பண்ணிட்டாங்க. பதறிப்போய் அன்னைக்குப் புது கீ வாங்கியிருந்தா அந்தக் காசு தண்டம். ஒரு நாள் காத்திருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸும் வேலை செய்யும். வால்பேப்பர் மாத்த விடாது, மூலைல அந்த எழுத்து நிக்கும், அவ்வளவுதான்.

இப்ப அந்த 499 கீக்கு வருவோம். அதுல பல, கம்பெனிகளுக்கு மொத்தமா குடுக்குற வால்யூம் கீ. இத்தனை மெஷினுக்குத்தான்னு கணக்கு உண்டு. அதை ஊர் பூரா வித்தா ஒருநாள் பிளாக் ஆகும். இன்னொரு வகை, கீயே தராம "நாங்களே ரிமோட்ல வந்து போட்டுத் தர்றோம்"னு சொல்றது. இதுதான் எனக்கு பயம்.

எங்க நாகலூர்ல என் சித்தப்பா பையன் வீட்ல இருந்து வேலை பாக்குறான். ஆபீஸ்ல ப்ரோ வேணும்னாங்கன்னு இப்படி ஒருத்தன்கிட்ட லேப்டாப்பை ரிமோட்ல குடுத்துட்டான். வந்தவன் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஏதோ ஆக்டிவேட்டரை ஓட்டினான். ஆறு மாசத்துல அதே எழுத்து மறுபடி வந்துடுச்சு. வால்யூம் கீல கேஎம்எஸ்னு ஒரு முறை இருக்கு. அதுல 180 நாளுக்குள்ள சர்வர்கிட்ட புதுப்பிக்கணும். இவன் மெஷின் புதுப்பிக்கிற மாதிரி நடிச்சுட்டிருந்த ஆக்டிவேட்டரை ஆன்டிவைரஸ் தூக்கிடுச்சு. நல்ல சர்வீஸ் சென்டர்னா சேலம்தான், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். ஒரு நாள் லீவு போச்சு. மாசம் 35,000 சம்பளம், 22 வேலை நாள்னு வெச்சா ஒரு நாள் கிட்டத்தட்ட 1,590 ரூபாய். பஸ், சர்வீஸ் சார்ஜ் தனி. எல்லா பாஸ்வேர்டும் மாத்துனது இன்னும் தனி. பேங்க்ல பணம் போகல, அது அவன் நல்ல நேரம்.

போயிருந்தா என்ன ஆகும்? ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கை என்ன சொல்லுச்சுன்னா, பாஸ்வேர்டு மாதிரி விவரத்தைப் பகிர்ந்து கஸ்டமர் கவனக்குறைவால பணம் போனா, பேங்க்ல புகார் குடுக்குற வரைக்கும் ஆன நஷ்டம் முழுக்க கஸ்டமரோடது. நீங்களே கூப்பிட்டு லேப்டாப்பைத் திறந்து விட்ட பிறகு "என் கவனக்குறைவு இல்ல"ன்னு வாதாடுறது கஷ்டம். அப்படி ஆகிட்டா பேங்க்குக்கும் 1930-க்கும் உடனே போன் பண்ணுங்க. ஒவ்வொரு மணி நேரமும் காசு.

சரி, ப்ரோ உங்களுக்கு வேணுமா? எனக்குத் தெரிஞ்சு சம்பளத்துக்கு வேலை பாக்குற பலருக்குத் தேவையே இல்ல. ஆபீஸ் விபிஎன் ஹோம்லயே ஓடும். வேற கம்ப்யூட்டருக்கு ரிமோட் டெஸ்க்டாப்ல போறதும் ஹோம்ல முடியும். உங்க மெஷினுக்கு அடுத்தவங்க அப்படி வரணும்னாதான் ப்ரோ. டெவலப்பர்களுக்கு லினக்ஸ் சப்சிஸ்டம், டாக்கர் ரெண்டும் ஹோம்லயே இருக்கு. ஆபீஸ் டொமைன்ல சேரணும்னா மட்டும் நிஜமாவே ப்ரோ வேணும்.

அப்ப அது யார் செலவு? விண்டோஸ் 10 வந்தப்ப, 2015-ல, இந்தியால ப்ரோவோட முழு விலை 14,999 ரூபாய். ஹோம்ல இருந்து ஏத்துற விலை இதைவிடக் குறைவு, உங்க லேப்டாப் ஸ்டோர்லயே தெரியும். குறைவுன்னாலும் ஆபீஸ் வேலைக்கு நீங்க குடுக்க வேண்டிய காசு இல்ல. சம்பள வருமானத்துல இதைச் செலவுன்னு தனியா கழிக்கவும் முடியாது. புது வரி முறைல 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்தான், நீங்க கீ வாங்கினாலும் வாங்காட்டியும் அதே 75,000. கம்பெனி தன் பேர்ல ஜிஎஸ்டி பில் போட்டு வாங்கினா, அந்த 18 சதவீத வரியை அவங்க கணக்குல ஈடு கட்டிக்கலாம். மேனேஜருக்கு அனுப்புற மெயில்ல இதைச் சேர்த்து எழுதுங்க: "என் லேப்டாப்ல ஹோம் இருக்கு. வேலைக்கு ப்ரோ கட்டாயம்னா கம்பெனி லைசென்ஸ் குடுங்க, இல்லன்னா ஆபீஸ் லேப்டாப் குடுங்க." பதில் வர்ற வரைக்கும் ஹோம்லயே ஓட்டுங்க.