காகிதத்தில் உரிமை, முள்வேலிக்குள் குடிமகன்!

அரசியல் சட்டத்தில் உரிமைகளை அழகாக எழுதி வைத்துவிட்டால் போதுமா? எழுதிய சட்டமே குடிமகனைக் காப்பாற்றிவிடுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர், அமெரிக்காவில் நடந்த கோரெமட்சு வழக்கை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும் என்போம் நாம்.

முறையான சட்ட நடவடிக்கையின்றி எவருடைய உயிரையும், சுதந்திரத்தையும், சொத்தையும் பறிக்கலாகாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 5-வது திருத்தம். 1791 முதல் அமலில் இருப்பது. அந்த மண்ணில் பிறந்தவர் அந்நாட்டுப் பிரஜையே என்று 1868-ல் வந்த 14-வது திருத்தம் உறுதி கூறியது. குறிப்பிட்ட வமிசத்தார் மட்டும் நீங்கலாக என்று எந்தத் திருத்தத்திலும் எழுதி வைக்கவில்லை.

எழுத்து அப்படி. நடந்தது எப்படி?

1941 டிசம்பர் 7-ந் தேதி பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-ந் தேதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066-வது உத்தரவில் கையெழுத்திட்டார். அதில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது! ராணுவம் குறிக்கும் வட்டாரங்களிலிருந்து எவரையும் வெளியேற்றலாம் என்பதே வாசகம். ஆனால் அது பாய்ந்தது யார் மீது? மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தார் மீது! சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைபட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். கடையையும் கருவிகளையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு, கையில் தூக்க முடிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு, குழந்தை குட்டிகளுடன் முள்வேலிக்குள் போனார்கள். குற்றச்சாட்டு உண்டா? இல்லை. விசாரணை உண்டா? அதுவும் இல்லை.

"போர்க்காலத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஹவாயித் தீவு பதில் சொல்லும். குண்டு விழுந்தது அங்கேதான். அங்கே மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வமிசத்தார். சிலரைக் கைது செய்தார்களே தவிர, அனைவரையும் கூண்டோடு பெயர்க்கவில்லை. அவர்களது உழைப்பின்றித் தீவின் வேலைகள் ஓடாது! குண்டு விழுந்த இடத்தில் சமாளிக்க முடிந்த ஆபத்து, ஈராயிரம் மைலுக்கு அப்பால் கலிபோர்னியாவில் மட்டும் சமாளிக்க முடியாததாகிவிட்டதா?

வெளியேற மறுத்தார் ஓர் இளைஞர். பெயர் பிரெட் கோரெமட்சு, ஓக்லந்து நகரில் பிறந்தவர், வெல்டிங் தொழிலாளி, வயது 23. அவர் மீதான தண்டனை செல்லும் என்று 1944 டிசம்பர் 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். இது இனவெறியே என்றார் மறுத்தவர்களில் ஒருவரான மர்பி. இந்தத் தீர்ப்பு குண்டு நிரப்பிய துப்பாக்கி போலக் கிடக்கும், அவசரம் என்று சொல்லி எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எச்சரித்தார் ஜாக்சன். விசுவாசமுள்ள பிரஜையை அடைத்து வைக்க அதிகாரமில்லை என்று எண்டோ வழக்கில் அதே நாள் அதே கோர்ட்டு கூறியது உண்மை. ஆனால் அதற்குள் இரண்டரை ஆண்டு முள்வேலிக்குள் கழிந்துவிட்டதே!

பிறகு வெளிவந்தது கோர்ட்டுக்குத் தெரியாத சேதி. ராணுவம் சொன்ன அபாயத்தை மறுக்கும் அறிக்கைகள் சர்க்காரின் கையிலேயே இருந்திருக்கின்றன; அவற்றை மறைத்துவிட்டார்கள். 1983-ல் சான் பிரான்சிஸ்கோ கோர்ட்டு கோரெமட்சுவின் தண்டனையை ரத்து செய்தது. 1988-ல் சர்க்கார் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. காத்திருந்த காலத்தில் கண்மூடியவர்களுக்கு அந்த மன்னிப்பு எட்டுமா?

அந்தத் தீர்ப்பு பிறந்த அன்றே பெரும் பிழை என்று 2018-ல் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். எந்தத் தீர்ப்பில்? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள சில நாடுகள் உள்ளிட்ட பல நாட்டாருக்கு ஜனாதிபதி டிரம்ப் விதித்த பயணத் தடை செல்லும் என்ற தீர்ப்பில்! இரண்டும் ஒன்றல்ல என்றார் அவர். ஒரு பிழையை நீக்கி இன்னொரு பிழையை வைக்கிறீர்கள் என்றார் மறுத்து எழுதிய நீதிபதி சோட்டோமேயர்.

நாம் சொல்வது இதுதான். அமைதிக் காலத்தில் உரிமையைப் போற்றுவது எளிது. 'பாதுகாப்பு' என்று சர்க்கார் சொன்னவுடன், "ஆதாரம் எங்கே?" என்று அன்றைக்கே கேட்கும் நீதிமன்றமும், கேட்கத் தூண்டும் மக்களும் வேண்டும். இல்லையேல் உரிமை ஏட்டில் இருக்கும். குடிமகன் வேலிக்குள் இருப்பான்!