சீழ் வருவது சூட்டால் அல்ல

பூதலூர்ப் பக்கம் ஓர் ஆணுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால், ‘சூடு பிடிச்சிருக்கு’ என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். இளநீர், நீராகாரம், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய் என வைத்தியமும் கூடவே வரும். இதில் பாதி உண்மை இருக்கிறது. கல்லணைக் கால்வாய்ப் பாசன வயலில் நாளெல்லாம் வெயிலில் நின்று, வியர்வையில் போன அளவுக்குத் தண்ணீர் குடிக்காதவருக்குச் சிறுநீர் மஞ்சளாகிக் கடுக்கத்தான் செய்யும். நாளடைவில் கல்லும் உண்டாகலாம். ஆனால் சிறுநீர்த் துவாரத்தில் சீழ் கசிந்து உள்ளாடையில் கறை படிந்தால் அது வெயிலின் வேலை அல்ல, சிறுநீர்த் தாரை அழற்சி. அதற்குப் பெரும்பாலும் காரணம் உடலுறவில் தொற்றும் கிருமிகள். நைசர் என்ற மருத்துவர் 1879இல் கண்டறிந்த கொனோரியாக் கிருமி, தொற்றிய 2 முதல் 5 நாளில் கெட்டியான மஞ்சள் சீழைக் காட்டும். கிளமிடியா 1 முதல் 3 வாரம் கழித்து லேசாகக் கசியும். பல ஆண்களிடம் அறிகுறியே இராது.

‘இளநீர் குடித்ததும் எரிச்சல் அடங்கியதே’ என்பார்கள். நீர்த்த சிறுநீர் குறைவாக எரியும், அவ்வளவே. சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் கொனோரியாவின் சீழ்கூட வற்றலாம். கிருமி உள்ளேயே இருந்து மனைவிக்குப் போகும். அவருக்குக் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தைப்பேறு தடைபடலாம். பிரசவத்தில் சிசுவின் கண்ணையும் அது தாக்கலாம்.

‘ஊர் மேய்பவனுக்குத்தான் இது வரும்’ என்பது அடுத்த வாதம். தொற்றுள்ள ஒருவருடன் ஆணுறை இல்லாத ஒரே உறவு போதும். வாய்வழி உறவிலும் பரவும். 2020இல் மட்டும் உலகில் 8.2 கோடிப் பேருக்குப் புதிதாகக் கொனோரியா, 12.9 கோடிப் பேருக்குக் கிளமிடியா என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இத்தனை பேரையும் ஒழுக்கங்கெட்டவர்கள் என ஒதுக்க முடியாது. சிறுநீர்க் குழாய் செருகியதாலும், கல் உரசியதாலும், சோப்பு ஒவ்வாமையாலும்கூட அழற்சி வரும். ஆகவே எரிச்சலை வைத்து ஒருவரின் நடத்தையை அளப்பது அநியாயம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் நோயை மறைக்கிறார்கள்.

‘மருந்துக் கடையில் ரெண்டு மாத்திரை போதும்’ என்பது இன்னும் ஆபத்து. முன்பு பலன் தந்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு இன்று இந்தியாவில் கொனோரியா பெரும்பாலும் அடங்குவதில்லை. அரைகுறை மருந்து கிருமியைப் பழக்கப்படுத்தும். அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விவரம் வெளியே போகாது. துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை, முடியும்வரை உறவைத் தவிர்த்தல், கூடவே எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை: இவைதான் முழு வைத்தியம். தாகத்துக்கு இளநீர் குடியுங்கள். சீழ் கண்டால் மருத்துவரிடம் போங்கள்.