முதலில் சம்ப், பிறகு சோபா



வடகிழக்குப் பருவமழை என்றாலே நம் மேற்குச் சென்னைப் பக்கத்து ஜனங்களுக்கு 2023 டிசம்பர் ஞாபகம் வந்துவிடும். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் கொரட்டூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வீட்டுக்குள் தண்ணீர். அம்பத்தூர் எஸ்டேட்டில் மழை விட்ட பிறகும் வெள்ளம் தேங்கி நின்றது. பால் பாக்கெட்டுக்கு அலைந்த காலைகளை மறக்க முடியுமா?

தண்ணீர் வடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? சோபாவை வெயிலில் போடுகிறோம். பீரோவைத் துடைக்கிறோம். டிவி ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறோம். கஷ்டப்பட்டு வாங்கிய பொருளாயிற்றே, மனசு கேட்காது. ஆனால் ஆபத்து அந்த சுவிட்சிலும் சம்ப்பிலும்தான் இருக்கிறது.

சுவரில் ஈரம் இருக்கும்வரை மெயினை ஆன் செய்யாதீர்கள். எலெக்ட்ரீஷியன் வந்து வயரிங், மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லட்டும். இன்னும் ஒரு ராத்திரி மெழுகுவத்தியில் ஓட்டினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது சம்ப். நம் பகுதியில் இன்னும் பல தெருக்களில் செப்டிக் டேங்க்தான். வெள்ளத்தில் அது பொங்கி வழிந்து சம்ப்புக்குள்ளும் இறங்கிவிடும். தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்று மோட்டாரைப் போட்டால், மாடித் தொட்டியும் கெட்டுப்போகும். முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே புதுத் தண்ணீர் விடுங்கள். அதுவரை குடிக்க, கேன் தண்ணீரோ கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரோதான். சம்ப் மூடியைத் திறந்து காற்றோட விடாமல், மேலே ஒருவர் நிற்காமல் யாரும் உள்ளே இறங்க வேண்டாம். செப்டிக் டேங்கில் ஆளை இறக்கவே கூடாது. அது சட்டப்படி குற்றம்.

அடுத்தது காய்ச்சல். அது தாமதமாகத்தான் வரும். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், வெள்ள நீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். அறிகுறி தெரிய ஓரிரு வாரம்கூட ஆகலாம். டயரிலும் தேங்காய் ஓட்டிலும் தேங்கும் மழைநீரில் டெங்கு கொசு பெருகவும் ஏறக்குறைய அதே காலம்தான். ஆகவே வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். “வெள்ளத்தில் நடந்தேன்” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற சுகாதார உதவி எண் இருக்கிறது.

வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளத்தில் அதிகம் இழப்பது தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பம்தான். சம்ப் கழுவும் செலவையும் வயரிங் பார்க்கும் செலவையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஒரே சம்ப் தண்ணீரைத்தான் மாடியில் நீங்களும் குடிக்கிறீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்